மூன்றாம் அத்தியாயம் வேண்டும்

பொந்தியான்,
செவ்வாய் காலை

அன்பு மகள் கிறிஸ்டினுக்கு,

இது நான்காவது தாள். முந்தைய மூன்றையும் கிழித்துவிட்டேன்.

உன் மாயக் கதையில் மூன்றாம் அத்தியாயம் மெதுவாகப் போகிறது என்று சொன்னேன். "சரிப்பா, தூக்கிடுறேன் லா" என்று உடனே வெட்டிவிட்டாய். இப்போது முழுக் கதையையும் குறிப்பெடுத்தபடி இரண்டு முறை படித்துவிட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில், ஊரே திருடன் என்று விரட்டும் பூதத்தை இளவரசி மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிறாள். ஏன் என்று வாசகனுக்குத் தெரியாது. சிறுமியாக அவள் திருட்டுப் பழியோடு சபையில் நின்றதும், "அரசே, நான் எடுக்கவில்லை" என்று பெற்ற தந்தையிடமே சொன்னதும், அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததும் அந்த அத்தியாயத்தோடு போய்விட்டன. அதைப் பார்க்காதவனுக்கு அவள் வாளும் மந்திரமும் உள்ள ஒரு பொம்மைதான்.

மெதுவாகப் போகிறது என்றது பொய். என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

நான் ஆசிரியராக இருந்த பாலோ ஊர்ப் பள்ளியில் உனக்கும் நான் 'சார்'தான். தலைமையாசிரியரின் கைக்கடிகாரம் காணாமல் போன அன்று, பழி சுமத்தப்பட்டுக் கொடிக்கம்பத்தடியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "சார், நான் எடுக்கல சார்" என்றாய். நான் வகுப்புக்குள் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். வரிசையாகப் பெயர்களைக் கூப்பிட்டேன். உன் பெயரைத் தாண்டிப் போனேன்.

அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்துவிடு. மன்னனுக்கு ஒரு நல்ல வசனம் எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவன் பேசாமலே இருக்கட்டும்.

நீ எடுக்கவில்லை என்று எனக்கு அன்றே தெரியும்.

அப்பா