ஒரு கதவு பாக்கி

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். நீயும் வயிற்றில் இருப்பவரும் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீக்கம் குறைந்ததா? போனில் கேட்டால் எல்லாம் சரி என்று மழுப்புவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசுவேன். அதனால்தான் கடிதம்.

இந்தப் புது விமான நிலையத்தைத் திறக்க மூன்று தேதி சொல்லியாகிவிட்டது. அவற்றை நம்பி உனக்கும் மூன்று முறை வாக்குக் கொடுத்தேன். பதினைந்தாம் தேதி தப்பாது என்றார்கள். மறுநாளே கிளம்பினால் உன் பிரசவத்துக்கு வந்துவிடலாம் என்று பெட்டிகூடக் கட்டி வைத்தேன்.

போன வாரம் ஒத்திகை. எண்ணூறு பேர் பயணிகளாக நடிக்க வந்தார்கள். பழைய செய்தித்தாள் திணித்த பெட்டி தொலைந்ததற்கு ஒரு பெரியவர் நிஜமாகவே சண்டை போட்டார். சிரித்து நாளாயிற்று, சிரித்தேன். பிறகு தீ எச்சரிக்கை மணியை அடித்தார்கள். அடித்ததும் கதவுகள் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதானே உன் அம்மாவின் பிழைப்பு. ஆயிரத்து நூற்று நாற்பதில் ஒன்று திறக்கவில்லை. உள்ளே பதினொரு பேர். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கண்ணாடியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் அதே கதவு ஒழுங்காகத் திறந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு கதவுதானேம்மா, ஏர்போர்ட் திறந்தப்புறம் பாத்துக்கலாம். நீங்களும் ஊருக்குப் போகணும்ல" என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. அவர் அட்டவணையில் சிவப்பாக இருப்பது என் கட்டம் மட்டும்தான். பேனாவை எடுத்தேன். உன்னை நினைத்துத்தான் எடுத்தேன். போட முடியவில்லை.

மணி அடித்ததும் கதவுகளைத் திறக்கும் கருவியை மாற்றி எல்லாக் கதவையும் மறுபடி சோதிக்க ஆறு வாரம் ஆகும். பாதிப் பேர் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது கிடக்கட்டும். நான் லீவில் வந்தால் எனக்குப் பதிலாக இருப்பவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் நான் வரவில்லை.

அப்பா வருவார். பதற்றமானால் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். தேய்க்கட்டும், தடுக்காதே.

வலி எடுக்கும்போது அம்மா என்றுதான் கத்துவாய். கோபத்தோடு கத்தினாலும் சரி. நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என்றைக்காவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த வழியாகத்தானே வருவாய். வாசலில் நிற்பேன். தேதி மட்டும் கேட்காதே, கண்ணே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா