ஷாகிராவை ஊக்குவித்தல்

ஏப்ரல் 7, திங்கள்

எரிக் கைப்பேசியில் ஒரு முக்கோணம் அனுப்பியிருக்கிறான். மனிதனின் தேவைகளாம். அடியில் சோறு, தூக்கம். மேலே போகப் போக நட்பு, மதிப்பு. அதில் இரண்டு எழுத்துப்பிழை. என் தையல் கடை ஷாகிராவின் கை இப்போதெல்லாம் மெதுவாகிவிட்டது என்று நேற்று அவனிடம் புலம்பியிருந்தேன். "மம்மி, ஷாகிரா ஸ்லோ ஆனதுக்கு மோட்டிவேஷன் இல்லாததுதான் காரணம்" என்கிறான். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி ஊழியர்களை ஊக்குவிப்பதுதான் என் மகனின் உத்தியோகம். வருடத்துக்குப் பாதிப் பேர் விட்டுப் போகிறார்கள். அதற்கும் ஒரு கோட்பாடு வைத்திருக்கிறான்.

ஆனாலும் கவலைதான். மே மாதம் சாந்தோம் கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. அந்த வெள்ளை கவுன்களில் ஆரி ஊசியால் பூவேலை செய்ய ஷாகிராவை விட்டால் ஆளில்லை. அவள் போனால் கச்சேரி ரோட்டுக் கடையை மூட வேண்டியதுதான். இதை அவளிடம் சொன்னதில்லை. எதற்குச் சொல்வது?

ஏப்ரல் 9

முக்கோணத்தின் அடித்தட்டு: புது மின்விசிறி மாட்டினேன். "சமிக்கி எல்லாம் பறக்குது மேடம்" என்று ஷாகிரா அணைத்துவிட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

எரிக்கிடமிருந்து இன்று வேறு கோட்பாடு. விசிறி, சம்பளம் எல்லாம் முணுமுணுப்பை நிறுத்துமாம், உற்சாகம் தராதாம். பாராட்ட வேண்டுமாம்.

"பாராட்டாமலா இருக்கேன்? பரவாயில்லைன்னு சொல்றேனே."

"மம்மி, அது பாராட்டே இல்ல."

கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்கு அதைக்கூடச் சொன்னதில்லை. நாங்கள் என்ன வாடியா போனோம்?

ஏப்ரல் 12

"அருமை, ஷாகிரா" என்றேன். அவள் ஊசி நின்றது. துணி வெட்டிக்கொண்டிருந்த முருகன் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். சாயங்காலம் இன்னும் ஒன்று: "உன் கை கடவுள் குடுத்த கை." ஷாகிராவின் கண் கலங்கிவிட்டது.

வேலை செய்கிறது! எரிக்கிடம் சொல்லப்போவதில்லை. தலைக்கனம் ஏறும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஷாகிரா போகிறாளாம். தி.நகரில் ஏதோ பொட்டிக். அடுத்த வாரமே.

"நீங்கதான் கடைய விக்கப் போறீங்களே மேடம்."

யார் சொன்னது? மாஸ்டர்தான். கேட்டால் கூச்சமே இல்லாமல் விளக்குகிறார்: "பின்ன இன்னாம்மா? திடீர்னு புது ஃபேனு. அப்பால இந்தப் பொண்ண பாராட்டிக்கினு கீறீங்க. நல்லா கீற மனுசி இப்டி பேசுவாங்களா? ஒண்ணு கடை போவுது, இல்லாட்டி நீங்க போறீங்க."

ஆக, சனிக்கிழமைக் கண்ணீர் உற்சாகத்தால் அல்ல. நான் சாகப்போகிறேன் என்று அழுதிருக்கிறாள்! என்ன அவமானம். இந்த எரிக்கை — வரட்டும், முக்கோணத்தை அவன் தலையிலேயே கவுக்கிறேன்.

ஏப்ரல் 16

மாஸ்டரை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஷாகிராவை உட்காரச் சொன்னேன். "கடையை விக்கலை. நான் சாகவும் இல்லை. நீ போனா இந்தக் கடை நிக்காது." மூன்றாவது வாக்கியத்தை மேசையில் கிடந்த துணியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு: "அப்ப ஏன் மேடம் கஸ்டமர் எதிர்ல அப்டி திட்டுறீங்க? தனியா எவ்ளோ வேணா திட்டுங்க, வாங்கிக்கிறேன். அவங்க எதிர்ல வேணாம். எங்க மறுபடி கத்துவீங்களோன்னு பிரிச்சுப் பிரிச்சு தைக்கிறேன். அப்ப லேட்டாவாதா?"

அப்படியா திட்டுகிறேன்? திருத்துகிறேன் என்றல்லவா நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி" என்றேன். "பாக்கலாம் மேடம்" என்று புர்காவை மாட்டிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 21

தி.நகருக்குப் போக வேண்டியவள் இங்கேயே வந்தாள். அடுத்த கவுனை எடுத்துக் கொடுத்தேன்.

மே 2, வெள்ளி

கடை நிறைய கூட்டம். ஒரு அம்மாள் மகளின் கவுனைத் தூக்கிக் காட்டி, கழுத்துப் பட்டி கோணல், வேலைக்காரிக்குக் கண்ணில்லையா என்று சத்தம் போட்டாள். ஷாகிரா அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அளவை நான்தான் தப்பா குறிச்சேன்" என்றேன். "எங்க கடையில யாரும் சத்தம் போடுறதில்லை. நாளைக்கு வாங்க."

எல்லோரும் போனதும் அவள் அருகில் போய், மெல்ல: "கோணல்தான். பிரி."

"தெரியும் மேடம்" என்றாள். பாதி பிரித்திருந்தாள்.

நாளை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். அளவைச் சரியாகத்தான் குறித்திருந்தேன்.