மாடுகளுக்குப் போட்டுக் காட்டாத குரல்

அன்பு மாப்பிள்ளை முத்துக்கருப்பா,

அங்கேயும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாயா? இல்லை, இப்போதாவது ஓர் இடத்தில் உட்கார்ந்தாயா?

நாளைக்குக் காலையில் கண்டரமாணிக்கம் ரோட்டில் மாட்டுவண்டிப் பந்தயம். நீ இல்லாமல் நம் வண்டி ஓடப்போகிற முதல் பந்தயம். ஊர்ப் பையன்கள் உன் படத்தைப் போட்டு முக்குக்கு முக்கு பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். எல்லாவற்றிலும் சிரிக்கிறாய். நான் அந்தப் பக்கமே போவதில்லை, கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

எத்தனை பந்தயத்தில் விழுந்து புரண்டு எழுந்தவன் நீ! சக்கரம் காலில் ஏறியபோதுகூட நொண்டிக்கொண்டே ஓடினாய். கடைசியில் ஒரு காய்ச்சலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டா போவாய்? எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நான் வண்டியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கிற ஆள், அவ்வளவுதான். கூடவே ஓடி, சத்தம் கொடுத்து, மாட்டைப் பறக்கவிட்டது நீ. உன் இடத்துக்கு வேறொரு துணைச்சாரதியைக் கூட்டிவந்தேன். நல்ல ஓட்டக்காரன், தொண்டை கிழியக் கத்துகிறான். நம் மயிலைக்காளையும் வெள்ளையும் சந்தைக்குப் போவதுபோல நடக்கின்றன.

நம் ஊர்ப் பெரியசாமி அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னார். "போன வருசப் பந்தய வீடியோவுல முத்துக்கருப்பன் சத்தம் இருக்குல்ல? அதை ஸ்பீக்கர்ல போட்டு, ஓடுறவன் இடுப்புல கட்டிவிடுப்பா. முதல் பரிசு நமக்குத்தான்." ஊரே ஆமாம் போட்டது. உன் பெயரில் ஓடுகிற வண்டி கடைசியில் வரலாமா? ஏன் பொய் சொல்ல, எனக்கும் ஆசை வந்தது. தொழுவத்தில் நின்று போனில் உன் குரலைப் போட்டுப் பார்த்தேன்.

"வாடா மயிலை, வாடா! கயித்தை விடு மச்சான்!"

படுத்திருந்த இரண்டும் துள்ளி எழுந்தன. வாசல் பக்கம் திரும்பி, காதை விறைத்துக்கொண்டு நின்றன. போனை அணைத்த பிறகும் அப்படியேதான் நின்றன. சாயங்காலம் வைத்த பருத்திக்கொட்டையை மயிலை மோந்துகூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து உன் வீடியோவை நான் சத்தம் வைக்காமல்தான் பார்க்கிறேன்.

நேற்று என் தங்கச்சி வந்தாள், உன் செல்விதான். "அண்ணே, அவுக கொரலு போன்ல இருக்காமே. வச்சிருக்கீகளா?" என்றாள். அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, ஹெட்செட்டைக் காதில் மாட்டிவிட்டேன். கேட்டதும் சிரித்துவிட்டாள். "வீட்டுல ஒரு நாளாச்சும் இப்புடிச் சத்தம் போட்டிருப்பாகளா!" அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் அழுதேன், மாப்ளே.

போகும்போது தொழுவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பந்தயத்துல இதைப் போட்டுறாதீகண்ணே. அவுக இல்லைன்னு தெரிஞ்சு நான் கேக்குறேன். அதுகளுக்கு யாரு சொல்றது?"

நீயாவது சொல்லேன்.

அதனால் நாளைக்குத் தோற்போம். சிரிக்கிற உன் படத்துக்கு முன்னாலேயே தோற்போம். ஊர் என்னைத் திட்டும், திட்டட்டும். மாடுகளைக் கூப்பிட்டுவிட்டு வராமல் போன பழியை உன் தலையில் நான் ஏற்ற மாட்டேன். அதுகளுக்கு உன் குரலை இனி ஒருநாளும் போட்டுக் காட்ட மாட்டேன். நாளைக்கு நானே கத்துகிறேன். கழுதைக் குரல் என்பாய், இருக்கட்டும். கயிற்றையும் இழுத்துப் பிடிக்க மாட்டேன், சத்தியம்.

கடைசியாக வந்து சேருகிற வண்டியில் இருப்பேன்,
உன் மச்சான்
ராசு