மாலை போட்டவருக்கு ஊசி

18.1.1996, வியாழன்

அப்பாவை ஆறு மாதமாகப் படுத்திய சிறுநீரக நீர்க்கட்டியை இன்று கத்தி வைக்காமல், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் வடித்துவிட்டார்கள். காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது நான்தான். வடித்தபின் மறுபடி நீர் ஊறாமலிருக்க உள்ளே ஆல்கஹால் விடுவார்கள் என்று அவரிடம் விளக்கித் தொலைத்தேன். கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

"பழனிக்கு மாலை போட்டவனுக்குச் சாராயமா? நான் வலியோடயே கெடக்கறனுங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "கொஞ்ச நேரத்துல திருப்பி உறிஞ்சிப்போடுவமுங்க. ஒடம்புல தங்காதுங்க."

அப்பா என்னை முறைத்துக்கொண்டே குப்புறப் படுத்தார்.

சாயங்காலம் வார்டில் பக்கத்தில் கூப்பிட்டு என் முகத்தில் ஊதினார். "மோந்து பாரு, வாசம் அடிக்குதா?"

"காப்பி வாசந்தானுங்கப்பா. விலாவுல வலி?"

விலாவைத் தொட்டுப் பார்த்தார். "அத மறந்தே போயிட்டனே கண்ணு."