செல்லத்தாய் எந்தப் பக்கத்தில் வருகிறாள்?

மைனி,

சாக்கைப் பிரித்ததும் ரப்பர் ஷீட்டின் புகை நாற்றம்தான் முதலில் வந்தது. குலசேகரத்துக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாள்முதல் என் சேலையிலும் தலையணையிலும் இருக்கிற அதே நாற்றம். தோட்டத்து ஆபீஸ் அலமாரியை ஒழித்தபோது கிடந்த கதைப் புத்தகங்களை என் வீட்டுக்காரர் சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "கறையான் தின்ன மிச்சம். உனக்கு இதெல்லாம் பலகாரமில்லா?" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். நான்காவது புத்தகத்துக்கு அட்டை இல்லை. புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் "லோகநாயகி" என்று இருந்தது. அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. எழுந்துபோய் இறக்கத் தோன்றவில்லை.

நீங்கள் எனக்குப் படித்துக் காட்டிய கதை அது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

எனக்கு அம்மை பூத்தபோது பதினாறு வயது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் என்னைப் பின்கட்டு அறையில் போட்டுச் சாத்தினார்கள். உங்களுக்குச் சிறு வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. முகத்தில் தழும்பு உண்டு. "அவளுக்கு இனி ஒட்டாது" என்று அம்மா உங்களைத்தான் அனுப்பினாள். உங்களைக் கட்டிய என் அண்ணன் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருக்கும். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலும் கூப்பிட ஆளில்லை. எங்கள் வீட்டிலேயே கிணற்றில் வெள்ளம் கோரிக்கொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் இருந்தீர்கள். வேப்பிலையை அரைத்து என் மேலே பூசிவிட்டு, வெளியே வந்து கதவை ஒருக்களித்து வைத்து, வாசற்படியில் உட்காருவீர்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அண்ணனின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

எனக்கு அன்று எழுத்துத் தெரியாது. கேட்டால், "படிச்சுத் தர எனக்குப் பொறுமை கிடையாது மக்கா. கதை வேணுமா, சொல்லு" என்பீர்கள்.

அது ஒரு ஜமீன்தார் வீட்டுக் கதை. களவு போன வைர மாலைக்காக லோகநாயகி மேல் பழி போட்டு, மாடி அறையில் அடைத்துவிடுகிறார்கள். கதாநாயகன் அவளை மீட்க நான்கு முறை மாறுவேஷத்தில் வருகிறான். மூன்றாம் முறை வந்தபோது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லையாம். நீங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு, "ஒட்டு மீசை வச்சா தள்ளைக்குப் பிள்ளையைத் தெரியாமலா போவும்? நம்ம பசுவுக்கே தெரியும்" என்றீர்கள். லோகநாயகி மயங்கி விழும்போதெல்லாம், "ஏட்டி, இது எத்தனாவது மயக்கம்? எண்ணிக்கிட்டியா? ஒரு செம்பு உப்புக் கஞ்சி குடுத்தா தீர்ந்துச்சு" என்பீர்கள். எனக்கு மேலெல்லாம் கொப்புளம். சிரித்தால் வலிக்கும். "மைனி, சிரிக்க வைக்காதீங்க" என்று அழுவேன்.

அண்ணனோடு நாகர்கோவிலில் கொட்டகையில் பார்த்த நாடகத்தையும் அந்த வாசற்படியில்தான் நடித்துக் காட்டினீர்கள். அரண்மனை பற்றி எரியும்போது ராஜா நின்று பாடுகிறாராம், அதுவும் இரண்டு தடவை. "பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான் பாத்துக்க, 'ஓய் ராசாவே, முதல்ல வெள்ளம் கோரி ஊத்தும், பாட்டு பொறவு பாடலாம்'னு. உங்க அண்ணன் சிரிச்ச சிரிப்பு!"

ராஜாவையும் மாறுவேஷக்காரனையும் நான் மறந்திருப்பேன். மறக்க முடியாமல் போனது செல்லத்தாயைத்தான். ஜமீன் வீட்டு வேலைக்காரி. லோகநாயகியின் அறைக்கு யாரும் போகக்கூடாது என்று கட்டளை இருந்தும், வெள்ளம் கொண்டு வைக்கிற சாக்கில் மாடி ஏறுவாள். பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "கத்திரிக்கா இன்னைக்குக் கொள்ளாம், நல்ல இளசு. சேனை வேகாது. கிழக்கே மழைக்கோள் தெரியுது. வெள்ளச்சி கன்னு போட்டாச்சு, கிடாரி" என்று ஊர்ச் சேதி சொல்லிவிட்டுப் போவாள். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொன்னதில்லை. ஆனாலும் அவள் வந்து போன நாட்களில் லோகநாயகி மயங்கி விழவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருந்தேன்.

ஒருநாள் நான் சொன்னேன், மைனி. எந்த வெட்கமும் இல்லாமல் சொன்னேன்: "எனக்கும் அப்படி ஒரு செல்லத்தாய் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!"

நீங்கள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தீர்கள். தாள் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கதை முடிந்த அன்று எனக்குப் பொருக்கு உதிரத் தொடங்கியிருந்தது. மாலை கிடைத்து, பழி நீங்கி, லோகநாயகிக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. "அப்போ செல்லத்தாய்?" என்று கேட்டேன்.

"அவ கிணத்தடியில கல்யாணப் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தா."

"லோகநாயகி அவகிட்ட சொல்லாமலா போனா?"

"போவாளா? வண்டியில ஏறி உக்காந்தவ, 'வண்டியை நிறுத்துங்க'ன்னு சொல்லி இறங்கினா. பட்டுச் சேலையோட கிணத்தடிக்கு வந்தா. சாம்பலும் ஈரமுமா இருந்த கையை அப்படியே பிடிச்சுக்கிட்டா. போதும், கண்ணை மூடு. ரொம்பப் பேசினா சூடு ஏறும்."

எனக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று, பாயோடும் துணியோடும் அந்தப் புத்தகத்தையும் கொளுத்தினார்கள். அண்ணனுடைய புத்தகம் அது.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆன குடும்பம் நம்முடையது. சாஸ்திரம் சகுனம் பார்க்க மாட்டோம் என்று சொல்லிக்கொள்வோம். ஆனாலும் வண்டி புறப்படும் நேரத்தில் அத்தை, "அவ பின்னால நிக்கட்டு, முன்ன வரவேண்டாம்" என்றாள். அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். ஜெபம் பண்ணி வழியனுப்ப வந்த உபதேசியாரும் கேட்டுக்கொண்டு நின்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகக் கிணற்றடி எனக்குத் தெரிந்தது. நீங்கள் குனிந்து கல்யாணச் சோறு பொங்கிய ஒரு குட்டுவத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். செல்லத்தாயும் நினைவுக்கு வந்தாள். அம்மா என் தலையைத் தொட்டு, "திரும்பிப் பார்க்காதே மக்கா" என்றாள். மாடுகள் நடந்தன. நான் இறங்கவில்லை.

பிறகு ஒருமுறை ஊருக்கு வந்தேன். பந்தியில் பரிமாறினீர்கள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டீர்கள், போதும் என்றேன். நமக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த மழைக்காலத்தில் வாந்திபேதி வந்து உங்களைக் கொண்டுபோயிற்று. சேதி மலையேறி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, குழியில் போட்ட மண் காய்ந்திருந்தது.

இங்கே கண்ணுக்கெட்டியவரை ரப்பர் மரம். பக்கத்து வீட்டுக்குப் போக ஓடை தாண்ட வேண்டும். அந்தத் தனிமையில்தான் எழுத்து கற்றேன். சபைப் பாட்டுப் புத்தகத்தை விரித்து, மனப்பாடமாய்த் தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே சொல் சொல்லாக விரல் வைத்துப் போனேன். ஒரே எழுத்து வேறு பாட்டிலும் அகப்பட்டால் அன்று முழுவதும் சந்தோஷம். அப்படி வேதம் படித்தேன், பிறகு கதைகள் படித்தேன். எழுத வந்ததும் முதல் கடிதம் உங்களுக்கு என்று வைத்திருந்தேன். அது பிந்திப் போயிற்று.

லோகநாயகி கதையை இந்த வாரத்தில் மூன்று தடவை படித்துவிட்டேன். வீட்டுச் செலவு எழுதுகிற நோட்டின் கடைசியில், கதையில் வருகிறவர்கள் பெயரும் அவர்கள் வருகிற பக்கமும் வரிசையாக எழுதினேன். ஜமீன்தார் தொடங்கி வண்டிக்காரன்வரை பத்தொன்பது பேர். செல்லத்தாய் இல்லை. நடுவில் தாள் கிழிந்திருக்குமோ என்று பக்க எண்களைச் சரிபார்த்தேன். அட்டை போனதே தவிர ஒரு தாள்கூடக் குறையவில்லை. கல்யாணம் இருக்கிறது. வண்டி இல்லை, கிணற்றடி இல்லை. மயக்கங்கள் பதினொன்று. நீங்கள் ஐந்தோடு நிறுத்திவிட்டிருக்கிறீர்கள்.

லோகநாயகியை அடைத்த இடத்தில் புத்தகம் சொல்வது இதுதான்: "அந்த அறைப்பக்கம் இருபத்தொரு நாளும் ஒரு மனித ஜீவனும் வரவில்லை."

அந்த வரியை அடைபட்டுக் கிடந்த ஒரு பெண்ணுக்குப் படித்துக்காட்ட உங்களுக்கு மனம் வரவில்லை. கதவுக்கு வெளியே ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தீர்கள். அந்த ஆள் எனக்கு இல்லையே என்று உங்களிடமே நான் அங்கலாய்த்தேன். உங்கள் கல்லறை இருக்கிறது, மைனி, போய் நிற்கலாம். செல்லத்தாயைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் இனி யாரும் இல்லை. அவளைத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தானே.

நேற்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். வேதத்தில் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ அஞ்சுகிறவள் நான். ஆனாலும் "ஒரு மனித ஜீவனும்" என்ற இடம் வந்ததும் என் வாய் அதைப் படிக்கவில்லை. "கத்திரிக்கா இன்னைக்குக் கொள்ளாம், நல்ல இளசு. சேனை வேகாது" என்றது. மழைக்கோளைச் சொன்னேன். வெள்ளச்சி கன்று போட்டதைச் சொன்னேன். கதை முடிகிற கல்யாணத்துக்கும் வந்துவிட்டேன். வண்டி புறப்பட்டது. "வண்டியை நிறுத்துங்க" என்றாள் லோகநாயகி. இறங்கினாள். கிணற்றடிக்கு நடந்தாள்.

அதற்கு மேல் சொல்ல எனக்கு வரவில்லை. வேப்பிலை வாசத்தோடு உங்கள் கை என்னை எத்தனையோ முறை தொட்டிருக்கிறது. நான் அதைப் பிடித்ததில்லை.