நிமிராமல் எடுத்த அளவு

பார்ன்ஸ்லி
9 மார்ச் 1958

அன்புள்ள ஈனிட்,

நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் ராயும் வெலிங்டனில் சுகமாய் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை வால்ட்டர் கார்சைடு அளவெடுக்கும்போதே பாதியில் தொப்பியை எடுத்துக்கொண்டு நம் தையல் கடையை விட்டுப் போய்விட்டார். அவர் மகள் ஜாய்ஸுக்கு ஈஸ்டர் சனிக்கிழமை கல்யாணம், அவளைக் கைபிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப்போக ஒரு சூட் தைக்க வந்தவர். நல்ல உயரம், ஆனால் சுரங்கத்தில் காலமெல்லாம் குனிந்தே கரி வெட்டியதில் தோள் முன்னால் வந்து தலை தாழ்ந்துவிட்டது. நம் தொழிலில் இதை ‘ஸ்டூப்ட்’ என்போம், உனக்குத் தெரியும். கூனன் என்பது ஆளுக்கே பட்டம் கட்டுவது, இது ஆள் நிற்கிற விதத்தை மட்டும் சொல்வது. ஆனாலும் வாடிக்கையாளர் காதுபட யாரும் சொல்வதில்லை, குறி எழுத்தாகத்தான் சொல்வார்கள். லீட்ஸிலிருந்து வந்திருக்கும் துணி வெட்டும் புதுக் கட்டர் லயனல் அந்த எழுத்துகளை, அளவுச் சீட்டு எழுதும் மேபலிடம் கிசுகிசுத்திருக்கிறார். “என் முதுகைப் பத்தி என்னய்யா ரகசியம்? சுமக்குறவன் நான், எனக்குத் தெரியாதா?” என்று கார்சைடு கேட்க, இவர் “ஒண்ணுமில்லீங்க, துணி விஷயம்” என்று மழுப்ப, மனிதர் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ஜாய்ஸ் அழுதுகொண்டு வந்தாள். அப்பா கல்யாணத்தில் நடக்க மாட்டாராம், சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொள் என்கிறாராம். எனக்கு அவள் மேல் இரக்கம்தான், அதோடு சுரங்கக் குடியிருப்பு முழுக்கப் பேச்சானால் கடைக்கும் கேடு. மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. “மிஸ்டர் கார்சைடு, நீங்க ஸ்டூப்ட்தான். ரெடிமேட் கோட்டு பின்னால தூக்கும், முன்னால தொங்கும், எல்லார் கண்ணும் அங்கேயே போகும். முதுகுத் துணியை நீளமா வெட்டினா கோட்டு உங்களோட சேர்ந்து நடக்கும். உங்களை நிமிர்த்த எனக்குத் தெரியாது” என்றேன். அவர், “என் மூஞ்சியப் பார்த்து அந்த வார்த்தையச் சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா, டாக்டர்கூடச் சுத்தி வளைப்பாரு” என்று சிரித்துவிட்டு, டீக்குக் கெட்டிலை அடுப்பில் வைக்க ஜாய்ஸிடம் சொன்னார். எழுந்து நின்றதும் மூச்சைப் பிடித்து நிமிரப் பார்த்தார். “எல்லாரும் செய்யற தப்பு இது. நிமிர்ந்து அளவு குடுத்துட்டுக் குனிஞ்சு நடந்தா கோட்டு என்ன பண்ணும்? எப்பவும் நிற்கிற மாதிரி நில்லுங்க” என்றேன். நின்றார். நானே நாடாவைப் பிடித்தேன். ஜாய்ஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், சித்தப்பா பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நீ அனுப்பிய படத்தில் ராய் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார். உயரமானவர்களுக்கு வருவதுதான், நிமிரு நிமிரு என்று நச்சரிக்காதே. அவர் பாட்டுக்கு நிற்கும்போது அளவெடுத்து அனுப்பு, துணி என் செலவு. மழைக்காலம் வருமுன் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

உன் அம்மா,
வினிஃப்ரெட் அக்ராய்டு

பி.கு. கார்சைடு சூட் பதினான்கு பவுண்டு, கூடுதல் துணிக்குத் தனியாகப் பத்து ஷில்லிங். குறைக்கச் சொன்னார், குறைக்கவில்லை. அவர் பக்கத்து நிபந்தனை ஒன்றுதான்: அளவுச் சீட்டில் குறி எழுத்து கூடாது, முழுச் சொல்லாக எழுதி அவரிடம் காட்ட வேண்டும். சம்மதித்தேன்.