முன்வரிசைக் குடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடல் கடந்து போய்க் கம்ப்யூட்டரைக் கட்டி ஆளும் எங்கள் பரம்பரையின் ஒரே பேரரசிக்கு, கடற்கரைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் சாவிக்கடை சாம்ராஜ்யம் நடத்தும் சித்தப்பா சகல மரியாதைகளோடும் எழுதிக்கொள்வது. நானும் என் நாக்கும் சௌக்கியம். உன் சித்தி முக்கால் பங்கு சௌக்கியம், மிச்சக் கால் பங்கில் டாக்டர்கள் ஸ்டீல் கம்பி வைத்துத் திருகியிருக்கிறார்கள். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டால் பொய்யாகவாவது அப்படி எழுது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் கட்டிடத்துச் சுவர் உனக்குத் தெரியாததா, இரண்டாம் மாடியில் ஒருவர் கொட்டாவி விட்டால் ஐந்தாம் மாடியில் நாலு பேர் தூங்கிவிடுவார்கள். இது உன் சித்தி காதில் விழக் கூடாத விஷயம், அதனால் கடையில் உட்கார்ந்து, சாவி ராவும் மெஷினைச் சும்மா ஓடவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஊர் நிலவரம். நம் கடற்கரை உலகப் புகழோடு அப்படியே இருக்கிறது. விமானம் ஏறி வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், இங்கேயே பிறந்த நமக்கு அது தெரிய வேண்டுமானால் இன்றைக்கும் குளியலறை ஜன்னலில் ஒற்றைக் காலில் தொங்கத்தான் வேண்டும். பேங்கில் ஈர டவுசரோடு வரிசையில் நிற்கிறார்கள், பல் பிடுங்கிக்கொள்ள மணலோடு வருகிறார்கள், லிஃப்டில் இருக்கும் மணலை அள்ளினால் இன்னொரு கட்டிடம் எழுப்பலாம். எனக்குக் குறை இல்லை. உப்புக்காற்று பூட்டைத் தின்கிறது, அலை சாவியைத் தின்கிறது, மிச்சத்தை நான் தின்கிறேன். நேற்றுக்கூட நீதிபதி ஒருவர் இடுப்பில் துண்டோடு வந்து, சாவி தண்ணியில போயிடுச்சுப்பா, கொஞ்சம் சீக்கிரம், காத்தடிக்குது என்றார். கோர்ட்டில் அவரைப் பார்த்து நடுங்கினவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

இந்தக் கரையில் ராஜாவும் சவரக்காரரும் ஒரே அளவு துணிதான், எல்லாரும் சமம் என்று சுற்றுலாப் புத்தகத்தில் எழுதுகிறார்களே, எழுதினவன் ஒரு நாள் பெண்கள் பக்கத்து முன்வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். துணியை வைத்து ஆளை எடைபோட முடியாமல் போனதால்தானே இங்கே வரிசை என்ற ஒன்றையே கண்டுபிடித்தார்கள். தண்ணீரை ஒட்டி முன்வரிசை, அதற்குப் பின்னால் இரண்டாவது, பொது ஷவருக்குப் பக்கத்தில், போகிறவன் வருகிறவன் எல்லாம் காலைக் கழுவித் தெளித்துவிட்டுப் போகும் இடத்தில், மூன்றாவது. குடைக்காரர் விடியற்காலையில் வந்து யார் குடை எங்கே என்று பார்த்து நட்டுவிட்டால் அதுதான் அந்த வருஷத்துக்கு நம் தலையெழுத்து. சீசன் தொடங்கும் நாளில் காவல் மேடையிலிருந்து விசில் ஊதினதும் முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் நீச்சல் உடையோடு ஒன்றாகக் கடலில் இறங்க வேண்டும். இறங்காதவள் இடம் காத்திருக்கும் அடுத்தவளுக்கு. முடியாதவளுக்குப் பதிலாக அவள் வீட்டுப் பெண் யாராவது இறங்கினால் இடம் தங்கும். இந்தச் சட்டத்தை இயற்றிய மகாராணி யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ எங்கள் வீட்டில் வளர்ந்து அவள் கையால் தலை வாரிக்கொண்டவள்.

டீச்சர் கதை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நடந்தது. அவர் வீட்டுக்காரர் சீசனுக்கு முந்தின வாரம் இறந்துபோனார். விசில் அன்றைக்கு டீச்சர் வரவில்லை. எப்படி வருவார், துக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலியைக்கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் சித்தி அலையில் நின்றுகொண்டு, கடலுக்குத் துக்கமெல்லாம் தெரியாது, அந்தக் குடையைப் பிடுங்குப்பா என்று குடைக்காரரிடம் சொன்னாள். அந்த இடத்தில் பல் டாக்டர் மனைவி உட்கார்ந்தாள். டீச்சர் மறுவாரம் வந்து, தன் குடை ஷவருக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, அதன் கீழே உட்கார்ந்தார். நாலு சீசனாக ஊர்க் காலெல்லாம் கழுவின தண்ணீரில் நனைந்துகொண்டு அங்கேயே இருந்தார். முன்வரிசையில் இடம் காலியானால் அடுத்தது அவர்தான்.

இப்போது உன் சித்தி. ஆஸ்பத்திரியில் இருந்தபோது படிக்கட்டில் விழுந்தாள் என்று உனக்குச் சொன்னேன். அது அவள் சொல்லச் சொன்னது. உண்மையில் கடலில் குளித்துவிட்டு, துடைக்காமல், அரசி நடை நடந்து வந்து, தன் உடம்பிலிருந்து சொட்டின தண்ணீரிலேயே லிஃப்ட் வாசலில் வழுக்கினாள். விழுந்த சத்தத்தில் நாலு தெருவில் கண்ணாடி உடைந்திருக்கும், நான் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறேன். முன்வரிசை முழுக்கப் பூங்கொத்தோடு பார்க்க வந்தது. பல் டாக்டர் மனைவி தலைமாட்டில் நின்று, எப்பக்கா தண்ணில இறங்கலாம்னு சொன்னாங்க என்று அவ்வளவு கனிவாகக் கேட்டாள். உன் சித்திக்கா அந்தக் கனிவு புரியாது, அவள் கண்டுபிடித்த கனிவு அது. அவர்கள் போனதும் பூவை நர்ஸிடம் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, பேப்பர் எடுங்க என்றாள். பாப்பாவுக்கு எழுதுங்க, விசிலுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க, நமக்காக இறங்கட்டும், கையோடு கூரியர்ல போடுங்க. போனில் கேட்கலாமே என்றேன். கெஞ்சுற குரல் எனக்கு வராது என்றாள். அது உண்மை, அந்தச் சாமான் அவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எழுதினேன். கடைசியில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வர்றதுக்குள்ள உடம்பைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க என்று சேர்த்தாள். அதையும் எழுதினேன்.

பாப்பா, உன் பதினாறாவது வயசில், முதல் முதலாக நீச்சல் உடை போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு நீ நடந்து போன நாளில் நான் கடையில் இருந்தேன். கேள்விப்பட்டதுதான். மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன், பிறர் சொல்லித் தான் கேட்கக் கூடாதே என்று உன் சித்தி முந்திக்கொண்டு, திமிங்கலம் கரை ஒதுங்கிடுச்சு, யாராவது தள்ளி விடுங்க என்றாளாம். வரிசையே உருண்டு சிரித்ததாம். அப்போது முன்வரிசையில் இருந்த டீச்சர் மட்டும் எழுந்து வந்து தன் நீலத் துண்டை உன் மேல் போர்த்தினார். அந்தத் துண்டோடு வீட்டுக்கு வந்தவள், விமானம் ஏறும் வரை மணலில் கால் வைக்கவில்லை. அந்தக் கடலில் உன்னை இப்போது இறக்க வேண்டுமாம், அதுவும் டீச்சரின் இடத்தைத் தடுப்பதற்காக.

சித்தி சொல்லச் சொல்ல எழுதின கடிதத்தைக் கடைக்குக் கொண்டுவந்து, வெட்டாத சாவிகள் கிடக்கும் டிராயரில் போட்டுப் பூட்டினேன். பூட்டுகிற விஷயத்தில் எனக்கு இந்த ஊரில் போட்டி கிடையாது. தினமும் மத்தியானம் தபால்காரர் வரும் நேரத்துக்கு உன் சித்தி கம்பைத் தட்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள். அவரிடம் எதுவும் இல்லையா என்பாள். இல்லை என்பார், சாப்பாட்டுக்கு வந்திருக்கும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பதில் வர வேண்டுமானால் கடிதம் போயிருக்க வேண்டும் அல்லவா, அதை நான் சொல்லவில்லை. முதலில் தபாலைத் திட்டினாள், பிறகு உன் நாட்டைத் திட்டினாள், பிறகு யாரையும் திட்டவில்லை. விசிலுக்கு முந்தின நாள், பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, பதில் போடல பாத்தீங்களா, அன்னைக்கு நான் சிரிச்சதை அவ மறக்கல என்றாள். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அவளுக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டிராயர் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் காபியைக் குடித்து முடித்தேன்.

இன்று காலை விசில். போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டால் அவள் உன் சித்தி இல்லை. மணலில் கம்பு ஒரு முழம் இறங்கும், பிடுங்கினால் மறுகால் இறங்கும், நாலு பேர் மைதானத்தைக் கடக்கும் நேரத்தில் நாங்கள் ஒரு குடையைக் கடந்தோம். நாங்கள் போவதற்குள் முன்வரிசை கடலில் இறங்கிக் கரையும் ஏறிவிட்டது. உன் சித்தியின் இடத்தில் டீச்சர், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பத்து வயசு குறைந்து உட்கார்ந்திருந்தார். நியாயத்தை நானே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது கம்பு ஆழமாக மாட்டிக்கொண்டு உன் சித்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். டீச்சர் பக்கத்துக் குடையிடம் திரும்பி, பாத்து, அப்படியே நட்டுட்டா குடைக்காரருக்கு வேலை மிச்சம் என்றார். வரிசையே சிரித்தது. டீச்சர்தான், பாப்பா, துண்டு கொடுத்த அதே டீச்சர். இடம் கிடைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

உன் சித்தி நின்று, அவரை மேலும் கீழும் பார்த்து, பரவாயில்லையே, டீச்சருக்கு நல்லா வந்துடுச்சு என்றாள், நல்ல மார்க் போடுகிற மாதிரி. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஷவர் பக்கம் நடந்தாள். அங்கே குடைக்காரர் நம் குடையை ஏற்கெனவே நட்டிருந்தார். உட்கார்ந்ததும் அவள் காலைப் பார்த்தேன், தையல் போட்ட பக்கம் பாதியாக இளைத்துப்போய் வெளுத்துக் கிடந்தது. முப்பது வருஷமாக அந்தக் கரையில் எதையும் மூடாதவள், ஏதாவது கொடுங்க, போத்திக்கிறேன் என்றாள். அவசரத்தில் அலமாரியிலிருந்து எதையோ உருவிப் பையில் போட்டிருந்தேன், எடுத்தால் உன் நீலத் துண்டு. அவளுக்கு அது எந்தத் துண்டு என்று தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்த டீச்சருக்குத் தெரிந்தது. அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் ஒருவன் வந்து ஷவரில் காலைக் கழுவி எங்கள் மூவரையும், அதாவது என்னையும் அவளையும் துண்டையும், நன்றாக நனைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து படுத்தவள், பாப்பா வராததும் நல்லதுதான், வந்திருந்தா அவங்க அவளையும் சும்மா விட்டிருக்க மாட்டாங்க என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் கடைக்கு வந்துவிட்டேன். நீ தெரிந்தே வரவில்லை என்றுதான் இந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். எதற்காக அப்படி விட்டுவைத்திருக்கிறேன் என்றால், கொஞ்ச நாள் நினைக்கட்டுமே என்றுதான். இனி இது உன் பாடு. அவளுக்கு நீ பதில் எழுதினால் நான் மாட்டிக்கொள்வேன், எழுதாமல் விட்டால் அவள் மாட்டிக்கொண்டே இருப்பாள். எது உனக்கு வசதியோ அதைச் செய், அவசரமில்லை, சீசன் நீளமானது.

உடம்பைப் பார்த்துக்கொள், குறைக்காதே. உனக்கு நூறு வயசும் பூட்டே தேவைப்படாத வீடும் வாய்க்கட்டும். எழுதுவதானால் கவரில் கடை விலாசம் போடாதே, வீட்டு விலாசம் போடு, மத்தியானத் தபாலை அவள்தான் வாங்குகிறாள்.

இப்படிக்கு,
சாவிக்கடைச் சக்கரவர்த்தி,
மூன்றாம் வரிசை, ஷவர் பக்கம்,
உன் சித்தப்பா.